எட்டு அடித்தேன் என்று அவனே சொல்லட்டும்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு. சென்ற மாதம் கணக்குத் தேர்வில் 20-க்கு 11 வாங்கியவன், அதைப் பேனாவால் 17 ஆக்கி என்னிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டான். ஆசிரியர் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. கோபத்தில் அடித்துவிட்டேன். கேரம் ஆடினால் காயை நகர்த்துகிறான். தோற்றால் பலகையைக் கவிழ்க்கிறான். பள்ளி விட்டு வந்தால் கைப்பேசியும் பாக்கெட் சிப்ஸும்தான். ஓசூரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் மேலாளர் தம் பிள்ளைகளைக் கோல்ஃப் பயிற்சிக்கு அனுப்புகிறார். நேர்மை, பொறுமை, ஒழுங்கு எல்லாம் அதில் தானாக வந்துவிடும் என்கிறார். என் சம்பளத்துக்கு அது பெரிய செலவு. ‘குச்சியைப் பிடித்துக்கொண்டு நடப்பதற்குக் காசா? நம் மாந்தோப்பிலேயே நடக்கட்டும்’ என்று என் மாமனார் சிரிக்கிறார். அனுப்பலாமா? (மகளுக்கு 12 வயது. அவள் சமர்த்து, அவளைப் பற்றிக் கவலை இல்லை.)

— ஒரு தந்தை, காவேரிப்பட்டணம் அருகிலிருந்து

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் மாமனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் சிரிப்பில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தருமபுரி மாவட்டப் பள்ளிகளில் பல ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்துவிட்டு, இப்போது ஓசூர்ப் பக்கம் குழந்தைகளுக்குக் கோல்ஃப் சொல்லிக்கொடுத்து வருகிறேன். என் பிழைப்பே அதுதான். இருந்தாலும் சொல்கிறேன்: பையனை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். ஒரு ஆறு மாதம் உங்கள் மாமனாரின் தோப்பிலேயே ஆடட்டும். அதற்கப்புறம் பயிற்சிக்கு அனுப்புவதா என்று யோசிக்கலாம்.

உங்கள் மேலாளர் சொன்னதில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. கோல்ஃப் யாருக்கும் நேர்மையை ஊட்டிவிடுவதில்லை. பொய் சொல்வதற்கு இவ்வளவு தாராளமாக இடம் கொடுக்கும் விளையாட்டை நான் வேறு பார்த்ததில்லை. நாம் சிறு வயதில் ஆடிய கிட்டிப்புள்ளை நினைத்துப் பாருங்கள். புள் எவ்வளவு தூரம் போனது என்று ஒருவன் ஒரு எண்ணைக் கேட்பான். சந்தேகம் வந்தால் எதிராளி கிட்டியை வைத்து அளந்துவிடுவான். கோலி குண்டில் நான்கு பேர் குனிந்து குழியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். விரல் ஒரு நூல் முன்னே நகர்ந்தாலும் கூச்சல்தான். அங்கே நேர்மையைக் காவல் காத்தது எதிராளியின் கண். கோல்ஃபில் எதிராளி ஐம்பது அடி தள்ளித் தன் பந்தைத் தேடிக்கொண்டிருப்பான். நடுவரும் பக்கத்தில் இருக்க மாட்டார். குறைந்த அடிகளில் பந்தைக் குழியில் போடுகிறவனுக்குத்தான் வெற்றி. ஆனால் எத்தனை அடி அடித்தேன் என்று ஆடியவனே எண்ண வேண்டும், ஆடியவனே சொல்ல வேண்டும்.

1925-ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ் என்ற ஆட்டக்காரர், உயரமான புல்லுக்குள் கிடந்த பந்தை அடிக்க மட்டையை வைத்தபோது பந்து துளி அசைந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. அதிகாரிகள் விசாரித்துவிட்டு, அவருடைய முடிவுக்கே விட்டார்கள். தண்டனையாக ஓர் அடியைத் தன் கணக்கில் தானே கூட்டிக்கொண்டார். போட்டி முடிவில் வில்லி மெக்ஃபார்லேனும் அவரும் சமநிலையில் நின்றார்கள். வெற்றியைத் தீர்மானிக்க மறுபடியும் 36 குழிகள் ஆடி, ஒரே ஓர் அடியில் தோற்றார் ஜோன்ஸ். அந்த அடியைச் சொல்லாமல் விட்டிருந்தால் மறு ஆட்டமே தேவைப்பட்டிருக்காது. கோல்ஃப் ஆடுகிறவர்கள் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி மாய்வார்கள். நானும் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் கண் விரியக் கேட்பார்கள். கேட்டுவிட்டு அன்று மாலையே எட்டு அடித்துவிட்டு ஆறு என்பார்கள்!

ஆரம்பத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாருக்கும் நானே எண்ணினேன். ‘ஆறு இல்லை, எட்டு. நான் பார்த்தேன்’ என்று திருத்தினேன். இரண்டே வாரத்தில் பிள்ளைகள் நான் எந்தப் பக்கம் பார்க்கிறேன் என்று கவனிக்கத் தேறிவிட்டார்கள். என் முதுகு திரும்பிய நேரத்தில் அடித்த அடிகள் கணக்கிலேயே வரவில்லை. பள்ளியில் நான் பிரம்போடு நின்ற காலத்திலும் இதேதான் நடந்தது. இடம்தான் மாறியது, வேறெதுவும் மாறவில்லை. எனக்கு இது உறைக்க வெகுநாள் ஆனது.

அதன் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதினேன். ஒருமுறை ஒரு சிறுமி மூன்றாம் குழியில் ஐந்து என்று சொல்லிவிட்டு, நான்காம் குழிக்குப் போகும் வழியில் பின்தங்கினாள். திரும்பி வந்து, ‘மணலில் ஒன்று அடித்தேன், அது பந்தில் படவில்லை. அதையும் சேர்க்கணுமா சார்?’ என்று கேட்டாள். சேர்க்க வேண்டும் என்றேன். அடிக்கும் எண்ணத்தோடு மட்டையை வீசிவிட்டால், காற்றில் போனாலும் அது ஓர் அடிதான். ஐந்தை அடித்து ஆறு என்று எழுதினேன். அவ்வளவுதான். பாராட்டவும் இல்லை, கதை சொல்லவும் இல்லை. அன்று அவள் கடைசி இடம். அதற்கடுத்த வாரமும் சரியாக வந்தாள்.

இப்போது உங்கள் வீட்டு 11-க்கு வருகிறேன். கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 11 என்ற எண்ணோடு அவன் உங்கள் முன்னால் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. ஒன்பது வயதுப் பையன் ஒன்றை ஏழாக்கும் அளவுக்குத் துணிகிறான் என்றால், 11-க்கு உங்கள் வீட்டில் என்ன விலை என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது என்றுதான் என் அனுபவம் சொல்கிறது. உண்மைக்கும் அடி, பொய்க்கும் அடி என்றால், மாட்டிக்கொள்ளாமல் போகும் வாய்ப்பாவது பொய்யில் இருக்கிறதே என்று கணக்குப் போடுவான். கணக்கில் 11 வாங்கியவனுக்கும் அந்தக் கணக்கு நன்றாகவே வரும்.

கோல்ஃப் விதியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்குப் பொருத்தமாக இருக்கும். ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடி என்று உடன் ஆடுபவர் ஓர் அட்டையில் எழுதிவருவார். போட்டி முடிந்ததும் ஆடியவர் அந்த அட்டையில் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு குழிக்கு உண்மையைவிடக் குறைவாக எண் போட்டுக் கொடுத்தால், பொதுவாகப் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். கூட்டிப் போட்டுக் கொடுத்துவிட்டால் நீக்க மாட்டார்கள். அந்தக் கூடுதல் எண்ணே நிலைத்துவிடும். 1968-இல் மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினாவின் ராபர்டோ டி விசென்சோ 17-ஆம் குழியில் 3 அடிதான் அடித்தார். உடன் ஆடியவர் அட்டையில் 4 என்று எழுதிவிட்டார். விசென்சோ சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அன்றைய மொத்தம் 65 ஆக வேண்டியது 66 ஆனது. பட்டத்துக்கான மறு ஆட்டம் கைநழுவியது. அன்று அவருடைய பிறந்த நாள் வேறு. யாரும் அவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. கையெழுத்து போடுமுன் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்களும் அந்தத் தேர்வுத்தாளைப் பார்க்காமல்தானே கையெழுத்துப் போட்டீர்கள்? அதனால், அந்தத் தாளில் பிழை இரண்டு பேருடையது என்று மகனிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள். அடித்ததற்கு வருந்துகிறேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. அப்பா தன் அடியைத் தானே எண்ணுவதை அவன் பார்க்கட்டும்.

வீட்டில் இனி ஒரே ஒரு ஒப்பந்தம்: அவனாக வந்து சொன்ன தவறுக்கு விளைவு உண்டு, கத்தலும் அடியும் கிடையாது. 11 வாங்கினால் அந்தப் பாடத்தை மறுபடி உட்கார்ந்து படிக்க வேண்டும். அதுதான் விளைவு. இதை நீங்கள் காப்பாற்றாவிட்டால் கோல்ஃபுக்குக் கொட்டும் பணம் விழலுக்கு இறைத்த நீர்.

இனி தோப்பு. கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். ஒரு லிட்டர் பெயின்ட் டப்பாவின் வாய் ஏறத்தாழ அந்த அளவுதான் இருக்கும். காலி டப்பாக்கள் ஐந்தாறைக் கழுவி, விளிம்பு மண் மட்டத்துக்கு வருமாறு மரங்களுக்கிடையே புதைத்துவிடுங்கள். பழைய தோப்புகளில் மரத்துக்கு மரம் பத்து மீட்டர் அளவில் இடைவெளி இருக்கும். ஒன்பது வயதுக்காரனுக்கு நல்ல தூரம். குழிக்கு அருகே ஒரு கொம்பு நட்டு, அக்காவின் பழைய ரிப்பனைக் கட்டினால் கொடி. குழந்தைகள் அளவில் பழைய பட்டர் ஒன்று கிடைத்தால் வாங்குங்கள். தரையில் பந்தை உருட்டும் மட்டை அதுதான். பெரியவர்கள் மட்டையை அறுத்துக் கொடுக்கிறார்கள் சிலர்; நீளம் குறையுமே தவிர தலையின் கனம் குறையாது, மணிக்கட்டு வலிக்கும். பந்து ரப்பர் பந்தாகவே இருக்கட்டும். அசல் கோல்ஃப் பந்து கிட்டத்தட்ட 46 கிராம் எடையுள்ள கல் மாதிரி. பயிற்சியாளர் இல்லாத இடத்தில் ஓங்கி அடிக்கும் ஆட்டமும் கூடாது. உருட்டல் மட்டும் போதும். ஒருவர் அடிக்கும்போது மற்றவர்கள் அவருக்குப் பின்னாலோ கைக்கெட்டும் தூரத்திலோ நிற்கக் கூடாது என்பதை முதல் நாளே கோடு போட்டுக் காட்டிவிடுங்கள்.

அட்டை எழுதும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். தாத்தாவிடம் கொடுங்கள். பேரன் எண்ணைச் சொல்வான், தாத்தா எழுதுவார், தாத்தா அடித்ததைப் பேரன் எழுதுவான். முடிந்ததும் இருவரும் கையெழுத்து. அவர் சிரித்துக்கொண்டே ஒரு நாள் ஆடிப் பார்க்கட்டும், மறுநாள் அவரே கூப்பிடுவார். காயை நகர்த்துகிறவன் இங்கேயும் ஆரம்பத்தில் குறைத்துத்தான் சொல்வான். தாத்தாவை அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தாத்தா மட்டும் தன் காற்றடிகளையும் சேர்த்துத் தன் எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தால் போதும்.

பலகையைக் கவிழ்க்கும் கோபத்துக்கும் இந்த விளையாட்டில் ஒரு வழி இருக்கிறது. கேரமில் தோல்வி மூக்கின் நேரே, உட்கார்ந்த இடத்திலேயே வருகிறது. கை உடனே பலகைக்குப் போகிறது. கோல்ஃபில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே நடக்க வேண்டும். நான்கு மணி நேர ஆட்டத்தில் மட்டை பந்தில் படும் நேரத்தைக் கூட்டினால் சில நொடிகூட ஆகாது. மீதியெல்லாம் நடையும் காத்திருப்பும். என் பிள்ளைகளுக்கு நான் வைத்திருக்கும் சட்டம்: மோசமாக அடித்தால் பத்து காலடி நடக்கும் வரை முணுமுணுக்கலாம், மண்ணைத் திட்டலாம், என்னையும் திட்டலாம். பதினோராவது காலடியில் வாய் மூட வேண்டும். உங்கள் தோப்பில் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டையை வீசினால் அன்றைய ஆட்டம் முடிந்தது, விவாதம் கிடையாது. தொலைந்த பந்தைத் தேட இப்போதைய விதிப்படி மூன்று நிமிடம்தான். 2019-க்கு முன்பு ஐந்து நிமிடம் இருந்தது. கிடைக்காவிட்டால் ஓர் அடி தண்டனையை ஏற்றுக்கொண்டு, முன்பு அடித்த இடத்திலிருந்தே மறுபடி அடிக்க வேண்டும். அழுதுகொண்டே தேடிக்கொண்டிருக்க முடியாது என்பதை ஒரு கைக்கடிகாரம் சொல்லித்தருகிறது. நாம் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

மணலில் கால் பதித்தால் தடத்தை வாரிச் சமன் செய்துவிட்டு வர வேண்டும், புல் பெயர்ந்தால் எடுத்து வைத்து மிதிக்க வேண்டும் என்பதும் ஆட்டத்தின் பகுதியே. தோப்பில் அதற்குச் சமம், சிப்ஸ் உறையைப் பொறுக்குவது.

சிப்ஸ் என்றதும் உடல்நலம் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் 1997-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் டீ என்ற அமைப்பு, கோல்ஃப் வழியாகக் குழந்தைகளுக்கு வாழ்க்கைத் திறன்களைக் கற்பிக்கிறது. அவர்கள் வகுத்திருக்கும் ஒன்பது ஆரோக்கியப் பழக்கங்களில் உணவும் விளையாட்டும் பாதுகாப்பும் இருக்கின்றன, குடும்பம், நண்பர்கள், பள்ளி, ஊர் ஆகியவையும் இருக்கின்றன. தாத்தாவோடு ஆடுவதை நான் ஏன் வற்புறுத்துகிறேன் என்று புரிந்திருக்கும்.

ஆனால் என் தொழிலைப் பற்றி ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். ஓரிடத்தில் நின்று ஒரு வாளிப் பந்துகளை அடித்துத் தள்ளுவதைப் பெரிய உடற்பயிற்சி என்று நினைக்காதீர்கள். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளில் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இயக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரிய மைதானத்தில் ஒன்பது குழிகளை நடந்தே ஆடினால் நான்கைந்து கிலோமீட்டர் ஆகும். அது நல்ல நடை. தோப்பில் உருட்டும் ஆட்டத்தில் அது கிடையாது. எனவே கபடியும் ஓட்டமும் நிற்கக் கூடாது. கோல்ஃப் உடம்பை ஒரே பக்கமாகத் திருப்பும் ஆட்டம் என்பதாலும் சிறு வயதில் பல விளையாட்டுகள் கலந்திருப்பது நல்லது. பகல் வெளிச்சத்தில் வெளியே இருப்பது கிட்டப்பார்வை வராமல் இருக்க உதவுகிறது. கைப்பேசிப் பையனுக்கு அது ஒன்றே பெரிய லாபம்.

தின்பதற்கு ஒரு நிலக்கடலை உருண்டை, ஒரு வாழைப்பழம், நேரம் இருந்தால் கேழ்வரகுக் கூழ். பிளாஸ்டிக் உறையில் வருவது மைதானத்துக்குள் வரக் கூடாது என்பது என் வகுப்பின் சட்டம். பெற்றோர் காருக்குள் ஒளித்துக் கொடுப்பதும் எனக்குத் தெரியும். தண்ணீரை வீட்டிலிருந்து கொண்டுபோகட்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறை விழுந்த எத்தனையோ பிள்ளைகளை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. தோப்பு ஆழ்துளைக் கிணற்றில் வாய் வைத்துக் குடிப்பதைவிட வீட்டுக்கு வரும் ஒகேனக்கல் தண்ணீர் மேல்.

வெயில் ஏறுவதற்கு முன், காலை ஒன்பதுக்குள், அல்லது மாலை நாலரைக்கு மேல். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், பாம்பு இருக்கும். மா பூக்கும் பருவத்தில் மருந்து அடித்த நாட்களில் பிள்ளைகள் தோப்புப் பக்கமே போகக் கூடாது. சித்திரை, வைகாசியில் இடி ஓசை கேட்ட உடனே மட்டையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடி வர வேண்டும். மரத்தடியில் ஒதுங்குவதுதான் மோசமான முடிவு.

மகளைப் பற்றி அடைப்புக்குறிக்குள் ஒரே வரி எழுதியிருந்தீர்கள். அவள் சமர்த்து என்பதால் அவளுக்கு ஒன்றும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. இரண்டாவது மட்டையை அவளுக்கு வாங்குங்கள். பக்கத்துப் பெங்களூரில் ஐந்து வயதில் மட்டை பிடித்த அதிதி அசோக், டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவது இடம் பிடித்தார். ஓர் அடியில் பதக்கம் போனது. அந்தப் போட்டியில் மட்டைப் பையைச் சுமந்து உடன் நடந்தவர் அவருடைய அம்மா. உங்கள் மகள் அப்படி ஆவாள் என்று நான் சொல்லவில்லை. ஒலிம்பிக் கனவோடு வருகிற பெற்றோரைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். எப்போதும் சமர்த்தாக இருப்பவளுக்கும் பிழை செய்து, அதைச் சத்தமாகச் சொல்லி, சிரித்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போகும் இடம் ஒன்று தேவைப்படும்.

பணக்காரர் விளையாட்டு என்ற பேச்சு முழுப் பொய் இல்லை. டெல்லியில் மட்டைப் பை சுமந்த அலி ஷேர் 1991-இல் இந்திய ஓப்பனை வென்றார், அப்படி வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர்தான். அதற்காக மைதானக் கட்டணம் குறைந்துவிடவில்லை. ஆறு மாதம் கழித்தும் பையனுக்கு ஆசை இருந்தால், குழு வகுப்பாக, வாரத்துக்கு ஒரு நாள் போதும். காவேரிப்பட்டணத்திலிருந்து ஓசூருக்கு தினமும் இழுத்துக்கொண்டு அலைந்தால் விளையாட்டு தண்டனையாகிவிடும். பணம் கட்டுமுன் ஒரு வகுப்பு முழுக்க ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகளின் அடியை யார் எண்ணுகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். பயிற்சியாளரே எண்ணி, பயிற்சியாளரே எழுதி, பெற்றோரின் கைப்பேசிக்கு அனுப்பும் இடமென்றால் வேறு இடம் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை டப்பாக்களைப் புதைத்துவிடுங்கள். முதல் சில வாரங்கள் அவன் எல்லாக் குழியிலும் மூன்று, நான்கு என்றே சொல்லிக்கொண்டிருப்பான். தாத்தா தன் ஆட்டத்துக்கு ஏழு, ஒன்பது என்று சொல்லிக்கொண்டிருப்பார். என்றாவது ஒரு மாலை, ‘எட்டு’ என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்வான். அப்போது கை தட்டாதீர்கள், அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லாதீர்கள், தோளில்கூடத் தட்ட வேண்டாம். தாத்தா எட்டு என்று எழுதட்டும், நீங்கள் அடுத்த மரத்துக்கு நடங்கள்.